பின்சக்கரத்தில் தொடங்கிய காற்று: மிருக வைத்தியர் டன்லப்பின் கதை

டன்லப் என்றால் எங்கள் பக்கத்தில் டயர். கொஞ்சம் வயதானவர்களுக்கு மெத்தையும் ஞாபகம் வரும். அது ஒரு மனிதனின் பெயர் என்று சொன்னால் பலர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த மனிதன் ஒரு மிருக வைத்தியர், குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்துப் பிழைத்தவர், தன் பெயர் போட்ட கொம்பனியோடு கடைசிக்காலத்தில் வழக்காடியவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

நான் ஆலையடிவேம்பில் இருபது வருடத்துக்கு மேல் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். எத்தனை ஆயிரம் டியூப்புக்கு ஒட்டுப் போட்டிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அப்போது இந்த மனிதரைப் பற்றி யோசித்ததில்லை. கடையை மூடிவிட்டு ஓய்வாக இருக்கும் காலத்தில்தான் தேடிப் படித்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் என் தங்கையின் மகன். கட்டாரில் உழைத்த காசில் ஒரு பழைய ஜப்பான் செடான் வாங்கியிருக்கிறான். கொஞ்சம் ஸ்போர்ட்ஸ் தோற்றமுள்ள வண்டி. அதற்குப் பின்பக்கம் மட்டும் அகலமான டயர் போடவேண்டுமாம், மாமாவுக்கு டயர் தெரியும் என்று என்னிடம் வந்தான். எனக்குத் தெரிந்தது சைக்கிள் டயர். ஆனாலும் அவன் கேட்டதும் எனக்கு டன்லப்தான் நினைவுக்கு வந்தார். ஏனென்றால் அவரும் முதலில் கைவைத்தது பின்சக்கரத்தில்தான்.

ஜோன் போய்ட் டன்லப் 1840 பெப்ரவரி 5 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ட்ரெகோர்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்தார். 1867 இல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பட்ரிக் என்ற ஊரில் சகோதரரோடு சேர்ந்து வைத்தியம் பார்த்தார், பிறகு பெல்பாஸ்டின் மே வீதியில் தன் வைத்தியசாலையை அமைத்தார். நன்றாக நடந்த தொழில் அது. அந்தக் காலத்தில் நகரம் முழுவதும் குதிரையில்தான் ஓடியது. சாமான் வண்டி, ட்ராம், பிரேத வண்டி எல்லாவற்றுக்கும் குதிரை. கருங்கல் பதித்த வீதிகளில் நாளெல்லாம் நடக்கும் குதிரைகளின் கால்கள் என்ன பாடுபடும் என்பதை அவரைவிட அறிந்தவர் அந்த நகரத்தில் குறைவு. வைத்தியத்துக்குத் தேவையான சில பொருட்களைத் தானே இறப்பரில் செய்துகொள்ளும் பழக்கமும் அவருக்கு இருந்தது. இந்த இரண்டும்தான் அவரிடம் இருந்த முதல்: கல்வீதியின் அதிர்ச்சி பற்றிய அறிவும், இறப்பரில் பழகிய கையும்.

1887 இல் அவருடைய சிறுவயது மகன் ஜொனியிடம் ஒரு மூன்றுசக்கர சைக்கிள் இருந்தது. அப்போதைய டயர் என்பது உள்ளே காற்று இல்லாத கட்டி இறப்பர். கருங்கல்லின் ஒவ்வொரு விளிம்பும் பிள்ளையின் முதுகுத்தண்டுவரை ஏறும். எல்லோரும் அதைச் சகித்துக்கொண்டார்கள். வண்டி என்றால் குலுங்கும், அவ்வளவுதான்.

அந்த வருட ஒக்டோபரில் டன்லப் வீட்டு முற்றத்தில் ஒரு பரிசோதனை செய்தார். ஏறக்குறைய 96 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு மரத்தட்டை எடுத்தார். மெல்லிய இறப்பர் தகட்டைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்கி, தட்டின் விளிம்பில் சுற்றி, அதன்மேல் லினன் துணியை இழுத்து அடித்து, உள்ளே காற்றேற்றினார். பெல்பாஸ்ட் லினன் துணிக்குப் பேர்போன நகரம், துணிக்குப் பஞ்சமில்லை. பிறகு மகனின் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் பாதியில் சாய்ந்துவிட்டது. மரத்தட்டு முற்றத்தின் கடைசிவரை ஓடி, கதவுத்தூணில் மோதித் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். மெத்தென்ற டயர் சொகுசாக இருக்கும் என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் மெத்தென்ற பொருள் வேகத்தைக் குறைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். மணலில் சைக்கிள் உருட்டியவர்கள் நாங்கள், எங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். முற்றத்துச் சோதனை அதற்கு நேர்மாறாகச் சொன்னது. கட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மேலே எறியப்படுகிறது, எறியப்படும்போதெல்லாம் முன்னே போகவேண்டிய பலம் மேலே போய் வீணாகிறது. காற்றுச் சக்கரம் கல்லைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது, வண்டி உயராமல் நேரே போகிறது. சொகுசும் வேகமும் ஒன்றோடொன்று சண்டைபோடவில்லை என்பதே அந்த மிருக வைத்தியர் கண்டது.

அடுத்ததாக மூன்றுசக்கர சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். ஏன் பின்சக்கரம்? பிள்ளை உட்கார்ந்திருப்பது அவற்றுக்கு மேலே என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் குலுக்கலும். சைக்கிள் கடைக்காரனாக நானும் அப்படித்தான் செய்திருப்பேன். எங்கள் ஊரில் நெல்மூட்டை கட்டி வரும் சைக்கிளில் முதலில் தேய்வது பின்டயர், முதலில் வெடிப்பதும் அதுதான். மூன்று சக்கரத்தில் வெற்றி கண்டபிறகு இரண்டு சக்கர சைக்கிளுக்குப் பெரிய டயர் செய்து, தெற்கு பெல்பாஸ்டின் செரிவேல் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 1888 டிசம்பர் 7 ஆம் திகதி காப்புரிமை கிடைத்தது.

அந்த டயரைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அக்காலத்து சைக்கிளின் கட்டி டயர் விரல் தடிப்புத்தான். டன்லப்பின் டயரோ ஊதிய குடல்போலத் தடித்துக் கிடந்தது. சாதாரண சைக்கிளின் சட்டத்துக்குள் அது நுழையவும் இல்லை. அதற்கென்றே அகலமான சட்டத்தோடு புதிய சைக்கிள் செய்யவேண்டியிருந்தது. பெல்பாஸ்டில் எட்லின் என்ற தயாரிப்பாளர் அதைச் செய்து கொடுத்தார். அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் வில்லி ஹியூம், பெல்பாஸ்டின் ஒரு சைக்கிள் கழகத் தலைவர். டன்லப் அவரைப் பந்தயத்தில் ஓடச் சொன்னார். 1889 மே 18 ஆம் திகதி குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் ஹியூம் தடித்த டயரோடு வந்து நின்றார். நான்கு சைக்கிள் போட்டிகள், நான்கிலும் அவரே முதல். பிறகு லிவர்பூலுக்குப் போய் அங்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்றார். ஓட்டக்காரர்களில் அவர் பெரிய சூரர் அல்லர் என்பதுதான் விசேஷம். அன்று வென்றது டயர்.

இனி என் மருமகனின் செடான். அகலமான டயர் பார்க்க அழகு என்பதற்கு மேலே அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பந்தயக் கார்களுக்குப் பின்பக்கம் அகலமாகத்தானே இருக்கிறது என்கிறான். உண்மை. ஆனால் அந்தக் கார்களை இயந்திரம் தள்ளுவது பின்சக்கரங்களால். வேகமெடுக்கும்போது வண்டியின் பாரமும் பின்னுக்குச் சாய்கிறது. பாரமும் பலமும் பின்னால் சேர்வதால் பிடிப்பும் அங்கே கூடுதலாக வேண்டும். அவன் வாங்கியிருக்கும் வண்டியோ முன்சக்கரத்தால் இழுபடுவது. இயந்திரம், கியர்ப்பெட்டி, ஸ்டியரிங் எல்லாம் முன்னால். பின்சக்கரங்கள் பின்னே உருண்டு வருபவைதான். அதில் பின்பக்கத்தை மட்டும் அகலமாக்கினால் வளைவில் பின்பக்கம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் வெளியே தள்ளப் பார்க்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பத் தயங்கும். ஆக, ஸ்போர்ட்ஸ் தோற்றத்துக்குப் போட்ட டயர் ஸ்போர்ட்ஸ் குணத்தைக் கெடுக்கிறது.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அவன் காரில் 205/60 ஆர் 16 என்று இருந்தது. 205 என்பது அகலம், மில்லிமீற்றரில். 60 என்பது டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் 60 வீதம், அதாவது 123 மில்லிமீற்றர். 16 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அகலத்தை 225 ஆக்கிவிட்டு 60 ஐ அப்படியே விட்டால் பக்கச்சுவர் 135 மில்லிமீற்றராக உயர்ந்து முழுச் சக்கரமும் பெரிதாகிவிடும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்து ஏபிஎஸ் பிரேக்கின் கணிப்பும் குழம்பலாம். 225/55 என்றால் பக்கச்சுவர் ஏறக்குறைய 124 மில்லிமீற்றர், பழைய அளவோடு ஒத்துப்போகும். அதற்கும் ரிம்மின் அகலம் போதுமா, உள்ளே சஸ்பென்சனில் உரசுமா என்று பார்க்கவேண்டும். எட்லின் சட்டத்தை அகலமாக்கியது போலத்தான். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்றால் தேய்மானம் சமப்பட டயர்களை மாற்றிப் போடவும் முடியாது. மேலதிகச் சக்கரமும் ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும்.

அதைவிட முக்கியம் எங்கள் வீதி. கார்த்திகை, மார்கழி மழையில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்பு போகும் பிரதான வீதியில் தண்ணீர் நிற்கும் இடங்கள் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அகன்ற டயர் அதே நேரத்தில் கூடுதலான தண்ணீரை ஒதுக்கவேண்டும். ஒதுக்க முடியாத வேகம் வந்தால் டயர் வீதியைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. உலர்ந்த தாரில் பிடிப்பைக் கூட்டுகிற அதே அகலம் தேங்கிய தண்ணீரில் எதிரியாகிறது. அந்தக் காரில் மாதம் ஒருமுறை மட்டக்களப்பு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவது என் தங்கை. 1990 இல் புருஷன் காணாமல் போனபிறகு அந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு வாழ்ந்தவள். நான் கணக்கை அவனுக்கு அப்படித்தான் சொன்னேன்.

பின்சக்கரத்தைக் கவனிக்கவேண்டும் என்ற அவனுடைய எண்ணம் முழுப்பிழையும் இல்லை. நான்கையும் மாற்றக் காசு போதாமல் இரண்டு டயர்தான் புதிதாக வாங்குகிறோம் என்றால், முன்சக்கரத்தால் இழுபடும் வண்டியானாலும் புதியவை இரண்டையும் பின்னால் போடுவதே பாதுகாப்பு. ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்க்கவேண்டும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பூ ஆழமாக இருந்தாலும் இறப்பர் முதுமையடைந்திருக்கும். கடைசியில் அவன் நான்கும் ஒரே அளவில், 205 இலேயே, நல்ல டயராக வாங்கினான். அகன்ற டயர் போட்ட கார்களின் படங்களைக் கைத்தொலைபேசியில் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

டன்லப்பிடம் திரும்புவோம். ஹியூமிடம் தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்பவரின் பிள்ளைகளும் இருந்தார்கள். டு குரோஸ் அயர்லாந்து சைக்கிள் சங்கத்தின் தலைவர், வியாபாரம் தெரிந்தவர். பிள்ளைகள் தோற்றதற்குக் கோபப்படாமல் டயரைப் பிடித்துக்கொண்டார். 1889 இல் டப்ளினில் கொம்பனி உருவானது. டன்லப் காப்புரிமையைக் கொம்பனிக்குக் கொடுத்துப் பங்குகள் வாங்கினார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, காப்புரிமை கிடைத்து இரண்டு வருடத்தில், அது செல்லாது என்று அறிவித்தல் வந்தது. காற்று டயரை ஏற்கெனவே இன்னொருவர் கண்டுபிடித்திருந்தார்.

அவர் ரொபர்ட் வில்லியம் தொம்சன். அவரும் ஸ்கொட்லாந்துக்காரர். 1845 இலேயே இங்கிலாந்தில் பதிந்து, 1846 இல் பிரான்சிலும் 1847 இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றவர். லண்டனில் குதிரை வண்டிகளுக்குத் தன் காற்றுச் சக்கரங்களைப் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அப்போது சைக்கிள் இல்லை, நல்ல இறப்பரின் விலையும் அதிகம். ஊர் அதை மறந்தது. தொம்சன் 1873 இல் இறந்துபோனார். டன்லப் அவரைப் பார்த்துத் திருடவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே யோசனை இரண்டு தலைகளில் நாற்பது வருட இடைவெளியில் வந்தது. ஒருவருக்குக் காலம் முந்திவிட்டது, மற்றவருக்குக் காலம் கைகொடுத்தது.

காப்புரிமை போனாலும் கொம்பனி பிழைத்தது. டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. பங்ச்சர் என்றால் துணியை உரித்து, ஒட்டி, மறுபடி சுற்றவேண்டும். என் கடைக்கு அப்படியொரு சைக்கிள் வந்திருந்தால் நான் தொழிலையே விட்டிருப்பேன். 1890 இல் வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் தனித்தனியே கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கண்டுபிடித்தார்கள். டயரின் ஓரத்தில் கம்பி வைப்பது வெல்ச்சின் யோசனை, இன்றைக்கும் அதுதான். கொம்பனி அந்த உரிமைகளை வாங்கிக்கொண்டது. ஆக, இன்று நாங்கள் டன்லப் டயர் என்று சொல்வதில் காற்று தொம்சனுடையது, கம்பி வெல்ச்சுடையது, பெயர் மட்டும் டன்லப்புடையது. இறப்பரைப் பதப்படுத்தி வல்கனைஸ் செய்யும் முறையைத் தந்த அமெரிக்கர் சார்ள்ஸ் குட்இயர் 1860 இல் கடனோடு செத்தார். அவர் பெயரில் டயர்க் கொம்பனி தொடங்கியது 1898 இல். அதற்கும் அவருடைய குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைக்குச் செய்த டயர் உலகத்துக்குப் போனபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். சைக்கிள் மோகமும் அதன்பின் மோட்டார் வண்டியும் இறப்பருக்குக் கட்டுக்கடங்காத பசியை உண்டாக்கின. அந்தப் பசிக்கு முதலில் இரையானது கொங்கோ. பெல்ஜிய மன்னன் லியோபோல்ட்டின் சொந்தச் சொத்தாக இருந்த அந்த நாட்டில் காட்டு இறப்பர் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டார்கள், கைகள் வெட்டப்பட்டன. 1904 இல் அதை அறிக்கையாக எழுதி உலகத்துக்குக் காட்டியவர் டப்ளினில் பிறந்த ரொஜர் கேஸ்மன்ட், பிரித்தானியக் கொன்சல். பன்னிரண்டு வருடம் கழித்து அயர்லாந்தின் விடுதலைக்கு ஆயுதம் தேடியதற்காக அதே பிரித்தானியா அவரைத் தூக்கிலிட்டது. வேறொரு மக்களின் துன்பத்தைப் பதிந்தபோது அவருக்குப் பாராட்டு, தன் மக்களுக்காக நின்றபோது தூக்குக்கயிறு.

இறப்பர் எங்கள் நாட்டுக்கு வந்தது 1876 இல். ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. மேற்குப் பகுதியின் மலையடிவாரம் முழுவதும் இறப்பர் ஆனது. மலாயாவில் காடு வெட்டி இறப்பர் நட்டுப் பால் எடுத்தவர்கள் தமிழகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்கள். இரண்டாம் உலகப்போரில் அந்தத் தோட்டங்களுக்கூடாக ஜப்பானியப் படை சைக்கிளில் வந்தது. டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தை டாங்கி என்று நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. பிறகு அதே தோட்டத் தமிழர்களைச் சியாம் பர்மா ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு எங்கும் பெரிய கல்லறை இல்லை.

எங்களைப்போன்ற நெல்லூர்க்காரர்களுக்கும் இறப்பரோடு ஒரு தொடர்பு உண்டு. 1952 இல் அரிசித் தட்டுப்பாட்டில் இலங்கை சீனாவோடு ஐந்து வருட ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது. டயராகப் போனது சோறாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

யுத்தகாலத்தில் டயர் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சைக்கிள்தான் அம்புலன்ஸ், சைக்கிள்தான் லொறி. 1990 இல் எங்கள் வீட்டார் திருக்கோவில் பக்கம் போனபோது ஒரு சைக்கிளின் பின்கெரியரில் அம்மம்மா, முன்னால் பாத்திரமும் பாயும். டியூப் கிடைக்காத நாட்களில் டயருக்குள் பழந்துணி திணித்து ஓட்டியவர்களுக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். டன்லப்புக்கு முந்திய காலத்துக்கு நாங்கள் திரும்பிப் போன நாட்கள் அவை. கல்லிலும் குழியிலும் ஒவ்வொரு அடியும் முதுகில் ஏறும். அதே வருடங்களில் இந்த நாட்டின் தெருவோரங்களில் டயர் வேறொன்றுக்கும் பயன்பட்டது. எரிந்து முடிந்த டயரின் கம்பி வளையங்கள் மட்டும் தார் வீதியில் கிடக்கும். வெல்ச் கண்டுபிடித்த கம்பி. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

டன்லப் 1895 இல் கொம்பனியிலிருந்து ஒதுங்கினார். அதே வருடம் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ் பொர்தோ மோட்டார் பந்தயத்தில் முதன்முறையாகக் காற்று டயரோடு ஒரு காரை ஓட்டினார்கள். திரும்பத் திரும்பப் பங்ச்சர், ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். மோட்டார் டயரின் காலம் தொடங்கியபோது அதன் தகப்பன் என்று பெயர்பெற்றவர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் டு குரோஸ் கொம்பனியை டெரா ஹூலி என்ற பணவியாபாரிக்கு 30 இலட்சம் பவுணுக்கு விற்றார். ஹூலி அதைப் பிரபுக்களின் பெயர்களால் அலங்கரித்துப் பொதுமக்களுக்கு 50 இலட்சம் பவுணுக்கு விற்றார். அந்தக் கொள்ளை இலாபத்தில் டன்லப்புக்குப் பங்கில்லை. அவர் வறுமையில் வாடவும் இல்லை. டப்ளினில் ஒரு புடவை வியாபாரத்தில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். தொழில் என்று கேட்டால் அவர் கடைசிவரை மிருக வைத்தியர்தான் என்பது என் எண்ணம். குதிரையின் காலுக்கு மருந்து கட்டியவர் செய்த பொருளே குதிரையை வீதியிலிருந்து அகற்றியது.

அவரை வருத்தியது வேறு விஷயம். கொம்பனி தன் விளம்பரங்களில் அவருடைய தாடி முகத்தை எடுத்து, உயர்ந்த தொப்பி, கைத்தடி, பகட்டான உடை அணிந்த ஒரு மைனரின் உடலில் ஒட்டியது. அடக்கமாக வாழ்ந்த கிழவருக்கு அது பொறுக்கவில்லை. எண்பது வயதை நெருங்கும் நேரத்தில் டப்ளின் நீதிமன்றத்தில் தன் பெயரைத் தாங்கிய கொம்பனிமீதே வழக்குப் போட்டார். இங்கிலாந்துக் கொம்பனியை அயர்லாந்து நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்ற கேள்வியில் அது லண்டன் பிரபுக்கள் சபைவரை போனது. சட்டப் புத்தகத்தில் அந்த வழக்கின் தலைப்பே டன்லப் இறப்பர் கொம்பனி எதிர் டன்லப். காப்புரிமை போனபோதும் கோடிகள் கைமாறியபோதும் நீதிமன்றம் போகாத மனிதன், தன் முகத்துக்காகப் போனார்.

அந்த வருடங்களில் அயர்லாந்தே எரிந்துகொண்டிருந்தது. 1916 எழுச்சியில் டப்ளின் நகரின் மத்தி சிதைந்தது. 1919 முதல் விடுதலைப் போர். 1921 இல் நாடு இரண்டாக வெட்டப்பட்டது. அவர் டயர் செய்த பெல்பாஸ்ட் ஒரு பக்கம், அவர் வாழ்ந்த டப்ளின் மறுபக்கம். யூலையில் போர்நிறுத்தம், ஒக்டோபரில் லண்டனில் பேச்சுவார்த்தை. அந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது, 1921 ஒக்டோபர் 23 ஆம் திகதி, டன்லப் தன் வீட்டில் காலமானார். டப்ளினின் டீன்ஸ் கிரேஞ்ச் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். காற்று டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த புத்தகம் அவர் இறந்தபிறகுதான் அச்சில் வந்தது.

பிற்காலத்தில் வட அயர்லாந்தின் ஒரு வங்கி அவருடைய முகத்தைப் பத்துப் பவுண் நோட்டில் அச்சிட்டது. அதில் தொப்பியும் இல்லை, கைத்தடியும் இல்லை. தாடியோடு வெறும் முகம். எடின்பரோவில் உள்ள ஸ்கொட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் அவருடைய 1888 ஆம் ஆண்டு டயர் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.